தாழ்மையின் வாசலும் எங்கள் ஃபாதரும்

தம்பி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மா வைத்த பொருத்தனை இது. பிள்ளை பிழைத்தால் பாலன் இயேசு பிறந்த பெத்லகேமுக்கே வந்து, அந்த இடத்தை முத்தமிட்டு முத்தி செய்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். தம்பி பிழைத்தான். அவனுக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. பொருத்தனை மட்டும் பாக்கி இருந்தது. இந்த வருஷம் ஆண்டவர் வழி திறந்தார், அவருக்கே மகிமை.

எருசலேமிலிருந்து பெத்லகேம் பக்கம்தான், ஆனால் நடுவில் சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஒலிவ மரச் செபமாலையைக் கையில் திணிக்கிறார், இன்னொருவர் வரிசையில் நிற்காமல் கெபிக்குள், அதாவது பாலன் பிறந்த குகைக்குள், கூட்டிப்போகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்கிறார். சத்திரத்தில் இடம் கிடைக்காமல் பிறந்தவரைப் பார்க்க வந்தவர்களிடம் குறுக்குவழி விற்பதைப் பார்க்க மனசுக்குச் சங்கடமாக இருந்தது. வயதானவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு என்று எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சி சொல்லியிருந்தது. அங்கே அப்படி ஒன்றும் இல்லை.

பிறப்புப் பேராலயத்துக்குள் போகும் வாசல் நாலடி உயரம்தான். அந்தக் காலத்தில் பெரிய வாசலாக இருந்ததாம். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே வராமல் தடுக்கச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அடைத்த பழைய வளைவின் கற்கள் மேலே இன்னும் தெரிகின்றன. தாழ்மையின் வாசல் என்று பெயர். எல்லோரும் குனிந்துதான் போகிறோம், குனியாவிட்டால் தலையில் இடிக்குமே! கல்லுக்குக் குனிய யாருக்கும் கஷ்டமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

வரிசை நகரவே இல்லை. முட்டிவலியோடு அம்மா தூணுக்குத் தூண் சாய்ந்து நின்று செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். கெபிக்கு இறங்கும் படிகளில் பின்னால் இருந்தவர்கள் தள்ளின தள்ளில் நான் பயந்துவிட்டேன். ஆனால் கீழே போனதும் எல்லாம் மறந்துபோனது. பாலன் பிறந்த இடத்தைக் குறிக்கும் பதினான்கு முனை கொண்ட வெள்ளி நட்சத்திரம், மேலே தொங்கும் விளக்குகள். அம்மா மண்டியிட்டு, நட்சத்திரத்தின் நடுவே முத்தி செய்து, நெற்றியை அப்படியே வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை. தம்பி பெயரைச் சொல்கிறார், அவன் குழந்தை பெயரைச் சொல்கிறார், அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. நானும் பக்கத்தில் விழுந்து அழுதேன். என்ன கேட்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்றதுதான் நினைவிருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் ஃபாதர் கிறிஸ்து பிறப்புப் பாட்டு ஒன்றை உரக்க எடுத்தார். எழுபதைத் தாண்டியவர், நல்ல குரல், நாங்களும் சேர்ந்துகொண்டோம். இரண்டு வரி முடிவதற்குள் படியருகே நின்ற ஓர் இளம் துறவி கையைத் தட்டி அதட்டினார். மேலே வழிபாடு நடக்கிறது, சத்தம் போடாமல் நகருங்கள் என்று. குரல் கடுமையாகத்தான் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர், "இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். ஃபாதர் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, பேரன் வயதுள்ள அந்தத் துறவியைப் பார்த்துக் கைகூப்பி, மன்னிப்புக் கேட்டு, தலை குனிந்து நகர்ந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. வாசலில் நாங்கள் எல்லோரும் குனிந்தோம், ஆனால் இந்தக் குனிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே புனித கத்தரீன் ஆலயம். அதன் கீழே உள்ள குகைகளில்தான் புனித ஜெரோம் வாழ்ந்து விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார் என்பது மரபு. 386-ல் பெத்லகேம் வந்தவர், 420-ல் இங்கேயே இறந்தார். அங்கே எங்களுக்குப் பூசை. பிரசங்கத்தில் ஃபாதர், குருவான ஜெரோமுக்கும் ஆப்பிரிக்காவில் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித அகுஸ்தினாருக்கும் நடந்த கடிதச் சண்டையைச் சொன்னார். யூதரல்லாதவர்களோடு சாப்பிடுவதிலிருந்து விலகிக்கொண்டதற்காக அந்தியோக்கியாவில் பவுல் எல்லோர் முன்பாகவும் மூத்த அப்போஸ்தலரான பேதுருவைக் கண்டித்தாரே, பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அதைப் பற்றித்தான் சண்டை. இருவரும் பேசிவைத்து நடித்ததுபோல ஜெரோம் விளக்கம் எழுதியிருந்தார். இல்லை, பேதுரு உண்மையிலேயே தவறினார், பவுல் உண்மையாகவே கண்டித்தார் என்று அகுஸ்தினார் ஆப்பிரிக்காவிலிருந்து எழுதினார். அந்தக் கடிதம் நேராக இங்கே வந்து சேரவில்லை. இத்தாலியில் பலர் படித்த பிறகுதான் ஜெரோமுக்குத் தெரியவந்தது. வயதிலும் மூத்தவர், கோபக்காரர், மனம் நொந்து பதில் எழுதினார்.

அகுஸ்தினார் கொள்கையை விடவில்லை, ஆனால் பணிந்துபோனார். பதவிப் பெயரைப் பார்த்தால் ஆயர் குருவைவிடப் பெரியவர்தான், ஆனாலும் பல விஷயங்களில் நான் உங்களைவிடச் சிறியவன் என்று எழுதினார். நம்மைவிடச் சிறியவர் திருத்தினாலும் அதை ஒதுக்கக்கூடாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். தைரியமாகக் கண்டித்த பவுலைவிட, பின்னால் வந்தவர் தன்னைத் திருத்தியதைப் பொறுமையாக ஏற்ற பேதுருவின் முன்மாதிரிதான் அரிதானது, புனிதமானது என்பது அவர் கருத்து. எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. சற்று முன் நடந்ததைப் பற்றி ஃபாதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ்ஸில் நானே கேட்டேன், "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா ஃபாதர்?"

"அவர் சொன்னது சரிதானேம்மா. சத்தமாத்தானே பாடினேன்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார், களைப்பு அவருக்கு.

அம்மாவின் கால் அன்று அந்தப் படிகளில் ஏறி இறங்கியது ஆண்டவருடைய கிருபை. இப்படி ஒரு குருவோடு எங்களை அனுப்பியதும் கிருபை. இரவு படுக்கும்முன் அம்மா செபமாலையை முடித்துவிட்டுச் சொன்னார், "அந்தச் சின்ன சாமியாருக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். நாள் பூரா நின்னு எத்தனை கூட்டத்தைத்தான் சமாளிக்குமோ அந்தப் பிள்ளை." நானும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். மரியே வாழ்க.