பழைய போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் வாங்கியதும் 57-க்கும் 62-க்கும் இடையே அலைந்ததும்

ரைஃபிள் கைக்கு வந்துவிட்டது, உரிமத்திலும் ஏறிவிட்டது. ஆனால் அதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. எழுதி வைத்தால் பழைய ரைஃபிள் தேடுகிற யாருக்காவது ஒரு வீண் பயணம் மிச்சமாகும்.

வேட்டை உரிமம், பயிற்சிச் சான்று எல்லாம் ஏற்கெனவே இருந்தன, அந்தக் கதை வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது மூஸ், எலாண்ட் மாதிரி கனத்த விலங்குகளுக்குப் போதுமான ஒரு ரைஃபிள். வால்நட் கட்டை (தோளில் சாய்க்கும் மரப்பகுதி) போட்ட, ஜெர்மன் மௌசர் 98 வகை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். 1898-இல் வந்த அமைப்பு அது. அதன் நீண்ட எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி), தோட்டா மேகசினிலிருந்து மேலேறும்போதே விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் தண்டை, பாதி தள்ளிவிட்டு இழுத்தாலும் அந்தத் தோட்டா வெளியே வந்துவிடும், அடுத்தது வந்து அதன் முதுகில் முட்டாது. பின்பக்கம் மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) உண்டு. தோட்டா வெடித்துக் கிழிந்தால் வாயு முகத்துக்கு வராமல் திருப்பிவிட போல்ட்டில் துளைகளும் பின்னால் ஒரு தடுப்பும் உண்டு. பெரிய விலங்கின் முன்னால் நிற்கிறவருக்கு இவை எல்லாம் அலங்காரம் இல்லை.

1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70-உம் அதே பிடியோடு வருவதுதான். ஆனால் நல்ல நிலையில் உள்ளவை சேகரிப்பாளர்களிடமே சுற்றிக்கொண்டிருந்தன. மான்லிகர் ஷோனவரின் சுழல் மேகசின் அவ்வளவு வழுவழுப்பு, கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. அதன் போல்ட் கைப்பிடி, ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) பின்பாலத்தைப் பிளந்துகொண்டு போகும், அதனால் ஸ்கோப் பொருத்துவது பெரிய தொல்லை. என் கண்ணுக்கு ஸ்கோப் கட்டாயம். விட்டுவிட்டேன்.

முதலில் சிக்கியது ஒரு 8×57. முதல் எண் ஏறத்தாழக் குண்டின் விட்டம், இரண்டாவது தோட்டா உறையின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். விற்பவர் தொலைபேசியில், "எட்டு மில்லிமீட்டர் மௌசர்தான், தோட்டா எங்கேயும் கிடைக்கும்" என்றார். பேரலில் இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். "நேரில் வந்து பாருங்கள்" என்று அழைத்தார். துப்பாக்கி பழுதுபார்ப்பதில் பல காலம் பழகிய பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் போனேன். பேரலில் 8×57 என்று மட்டும் இருந்தது, எஸ் எழுத்து இல்லை.

அந்த ஒரு எழுத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. பழைய 8×57 குண்டின் விட்டம் 8.08 மில்லிமீட்டர். 1905 வாக்கில் ஜெர்மன் ராணுவம் எஸ் வகைக்கு மாறியபோது அது 8.22 ஆனது. வேட்டை ரைஃபிள்களோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய குறுகிய அளவிலேயே செய்யப்பட்டன. இன்று கடையில் கிடைக்கும் எஸ் தோட்டாவை அந்தக் குறுகிய குழலில் சுட்டால் அழுத்தம் எகிறும். மென்மையான ஈயத் துண்டை எண்ணெய் தடவி குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். பெரியவர் ஈயத்தை எடுத்ததுமே விற்பவர் முகம் மாறிவிட்டது. "என் துப்பாக்கிக்குள் ஈயத்தை அடிக்க விடமாட்டேன், எங்கள் வீட்டில் காலங்காலமாக எஸ் தோட்டாதான் சுடுகிறோம்" என்றார். அளக்கவிடாத துப்பாக்கியை எடுத்து என்ன செய்வது? திரும்பிவிட்டோம். படம் அனுப்பச் சொன்னபோதே அனுப்பியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது. எனவே பேரல் எழுத்து, சோதனை முத்திரைகள் (அழுத்தம் தாங்கும் என்று சோதனைச் சாலை குத்துபவை), போல்ட்டிலும் ரிசீவரிலும் உள்ள எண்கள் ஆகியவற்றின் தெளிவான படங்கள் வராமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். 1912-இல் வந்த தோட்டா, ஆப்பிரிக்க வேட்டைக்கென்றே பெயர் வாங்கியது. ரைஃபிளும் பார்க்க அத்தனை அழகு, கட்டையின் ரேகையும் மேலே செதுக்கிய வேலைப்பாடும் கண்ணைப் பறித்தன. ஆனால் அடியில் இருந்தது ராணுவ 98 ரிசீவர். அது, குண்டோடு சேர்த்து ஏறத்தாழ 82 மில்லிமீட்டர் நீளமுள்ள 8×57 தோட்டாவுக்காகச் செய்தது. .375-இன் நீளமோ 91-க்கும் மேல். இடம் பண்ண வேண்டுமென்றால் மேகசினின் முன்பக்க இரும்பைத்தான் வெட்ட வேண்டும், அங்கேதான் போல்ட்டின் கீழ் லக் வந்து சாயும் தாங்கல் இருக்கிறது. கவனமாகச் செய்தவையும் உண்டு. இது எப்படி என்று பார்க்கக் கட்டையைக் கழற்றிக் காட்டுங்கள் என்றேன். ஸ்க்ரூ தலை கெட்டுவிடும் என்று விற்பவர் தடுத்தார். பெரியவர் தன் பையிலிருந்து அந்தத் தலைகளுக்கே தீட்டிய திருப்புளிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

கழற்றியதும் தெரிந்தது. தாங்கலுக்குப் பின்னால் மெல்லிய சுவர்தான் மிச்சம். லக் அமரும் இடத்தில் அமுங்கிய தடம். ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்கும் நோ-கோ கேஜ் போட்டுப் போல்ட்டைத் தாழ்த்தினால் முழுதாக மூடிக்கொண்டது. மூடவே கூடாது. மேல்பூச்சு புத்தம் புதிதாக மின்னியது, மரத்துக்குள் மறைந்திருந்த இரும்பில் துருக்குழிகள். கட்டையைக் கழற்றாமல் பழைய ரைஃபிளுக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது என்பதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியில் கிடைத்தது, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் செய்த 98 ஆக்ஷனில் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த பகுதி) ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் கட்டிய ரைஃபிள். பேரலில் 9.3×62. பெர்லின் துப்பாக்கிக் கலைஞர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கிய தோட்டா, சாதாரண 98-க்குள்ளேயே அடங்கும்படி அமைத்தது. எந்த வெட்டும் தேவையில்லை. கேஜ் சரி, குழல் சரி, கட்டையில் விரிசல் இல்லை. டம்மி தோட்டாக்களைப் போட்டு மெதுவாக, வேகமாக, தலைகீழாகப் பிடித்தும் போல்ட்டை இழுத்துப் பார்த்தோம், ஒன்றுகூடச் சிக்கவில்லை. பெரியவர், "இது உங்களுக்கென்றே வந்திருக்கிறது தம்பி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்த இடத்தில்தான் காகிதம் வந்தது. பழைய பதிவில் 9.3×57 என்று இருந்தது. ஹஸ்க்வர்னா அந்த அளவில் நிறையவே செய்து விற்றது. முந்தைய உரிமையாளர் யாரோ சேம்பரை (குழலில் தோட்டா அமரும் அறை) நீட்டி 62 ஆக்கி, பேரலில் புதிய எழுத்தும் போட்டிருக்கிறார். பதிவை மாற்றவில்லை, மறுசோதனையும் செய்யவில்லை. பதிவு அலுவலகத்தில் இருந்தவர், "பழைய உரிமையாளர் வந்து திருத்த வேண்டும்" என்றார். அவர் இறந்துவிட்டார், விற்பது அவருடைய மகன் என்றேன். "அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அடுத்தவரை அழைத்துவிட்டார். இன்னொரு நாள் போனபோது வேறொருவர் இருந்தார், பழுதுபார்ப்பவரின் கடிதம் போதும் என்றார். கடிதம் வாங்கிக்கொண்டு போனால் முதலில் பார்த்தவரே மறுபடியும் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம்தான், வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, என்னென்ன ஆவணங்கள் தேவை என்று எழுத்தில் கேட்டு மனு கொடுத்தேன். அதற்கு எழுத்திலேயே பதில் வந்தது. கேட்டது சேம்பரின் அளவுச் சான்று, மறுசோதனை முத்திரை, வாரிசுச் சான்று ஆகிய மூன்றுதான். இதை முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே!

சேம்பரை அளக்க, வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் ஒரு உலோகக் கலவையை ஊற்றி வார்ப்பெடுப்பார்கள். ஆறும்போது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துச் சேம்பரின் சரியான அளவுக்கு வரும். அவசரப்பட்டு முன்பே அளந்தால் கணக்குத் தப்பும். வார்ப்பு 62 என்று உறுதியாகக் காட்டியது. சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் எந்தச் சிக்கலும் இல்லை.

மறுபடி அலுவலகம் போனேன். அதே மனிதர் முத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எண்ணை ஒப்பிட்டார், 62 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஸ்கோப் பொருத்துவதில் கஷ்டமில்லை, போல்ட் கைப்பிடியும் சேஃப்டியும் ஏற்கெனவே தாழ்வாக இருந்தன. ராணுவ 98 வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும், கணக்கில் வையுங்கள். 18.5 கிராம் குண்டில் 100 மீட்டருக்குக் குறி வைத்திருக்கிறேன். தோளில் அழுத்தமாக உதைக்கும், ஆனால் .375 அளவுக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. புதிய பதிவு கிடைத்ததோடு வந்துவிடாதீர்கள், பழைய 57 பதிவு ரத்தானதற்கும் சான்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைத் தானாகக் கொடுக்கவில்லை, கேட்ட பிறகுதான் தேடி எடுத்தார்கள். அது இல்லாவிட்டால் புதுப்பிக்கும்போது ஒரே எண்ணில் இரண்டு ரைஃபிள்கள் இருப்பதாக ஏட்டில் நிற்கும், அதை விளக்க மறுபடியும் அதே வரிசையில் நிற்க வேண்டும்.