வெப்பத்தைக் கடத்தவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்

மின் ஸ்கூட்டர் பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலங்களை, அதாவது செல்களைச் சுற்றி நிரப்பும் கலவையை உருவாக்குவது என் வேலை. உறவினர்கள் கேட்டால் "மெழுகு உருக்குறேன்" என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மைதான். பாரஃபின் மெழுகு உருகும்போது கிராமுக்கு சுமார் 200 ஜூல் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும். முழுக்க உருகும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. ஓட்டத்தில் சூடாகும் செல்களைக் குளிர்விக்கப் பம்பும் வேண்டாம், விசிறியும் வேண்டாம்.

ஆனால் எந்த மெழுகு? 35 டிகிரியில் உருகுவது குளிர்நாட்டுக்குச் சரி. நம்மூர் மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியில், சாவி போடும் முன்பே அது உருகிக் கிடக்கும். அப்புறம் வாங்கிக்கொள்ள அதில் என்ன இடம் இருக்கும்? அதனால் 45 டிகிரியை ஒட்டி உருகுவதையே எடுப்பேன். அந்தச் சூட்டில் செல்லின் ஆயுள் கொஞ்சம் குறையும்தான், பரவாயில்லை.

மெழுகு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. விரிந்த கிராஃபைட் (சூட்டில் பொரியவைத்த, துளைகள் நிறைந்த கரிமப் பொருள்) கலந்தால் கடத்துதிறன் பல மடங்கு கூடும், உருகிய மெழுகும் அதன் துளைகளில் தங்கிவிடும். எல்லாம் சரி, மெழுகு எரியுமே! கெட்டுப்போன செல் ஒன்று நெருப்பைக் கக்கினால் சுற்றியிருப்பது அத்தனையும் விறகு.

இங்கேதான் தீத்தடுப்பான்கள் வருகின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரியைத் தாண்டியதும் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விடும். அம்மோனியம் பாலிபாஸ்பேட் மேலே கரிப்படலம் கட்டும். இவற்றைச் சேர்க்கச் சேர்க்க மெழுகுக்கு இடம் குறையும், கலவையும் கெட்டிப்படும். இட்லி மாவுப் பதத்தைத் தாண்டிவிட்டால் செல் இடுக்குகளில் இறங்காது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிற்கும். ஆய்வகத்தில் அழகாக வந்த கலவைகள் பல இந்த ஊற்றும் மேசையில்தான் செத்தன.

விற்பனைப் பிரிவிலிருந்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், வி-0 கிடைச்சிருச்சா?" யூஎல் 94 என்ற தீச்சோதனையில் கிடைக்கும் தரம்தான் வி-0. அதில் கலவையால் செய்த சின்னப் பட்டைக்கு 10 விநாடி வீதம் இருமுறை தீ வைத்து, எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று பார்ப்பார்கள். வேண்டிய சோதனைதான். ஆனால் பட்டை அணைந்துவிட்டதால் பக்கத்துச் செல் பிழைத்துவிடும் என்று நம்ப மாட்டேன். தினசரி ஓட்டத்தில் நமக்கு உதவுகிற அதே கிராஃபைட், ஒரு செல் கொதிக்கும் நாளில் அந்தச் சூட்டை அடுத்ததற்கும் சுமந்து போகும்.

2022 கோடையில் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகு மின் ஸ்கூட்டர் பேட்டரிக்கான இந்தியப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ்-156-ஐத் திருத்தி, ஒரு செல் கெட்டாலும் பேக் (செல்கள் அடங்கிய முழு பேட்டரிப் பெட்டி) தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது என்று இறுக்கினார்கள். எனக்கு அது நிம்மதி. பட்டையை விட்டுவிட்டு முழு பேக்கைப் பற்றிப் பேச முடிந்தது. இப்போது செல்களுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் மைக்கா தகடு வைக்கிறோம், சூடு வெளிக்கூட்டின் பக்கம் போகும்படி கலவையை அமைக்கிறோம். தகடு எவ்வளவு தடிமன் என்பதில் எடைக் கணக்குப் பார்ப்பவரோடு வாரம் தவறாமல் சண்டை நடக்கிறது.