ஸ்பாட்டிங் மேசையில் இருப்பது புதைபடிவமா, வெறும் கனிமமா?

நிலவியல் செய்முறைத் தேர்வில் நன்றாகப் படிக்கிறவர்களும் மார்க் விடுகிற இடம் ஸ்பாட்டிங், அதாவது மேசையில் வைத்த கல்லைப் பார்த்து அடையாளம் சொல்வது. ஒரு கல்லுக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். பார்த்தவுடன் "இது இலை, இது முட்டை" என்று எழுதத் தோன்றும். உருவத்தை மட்டும் வைத்து ஒருபோதும் பெயர் எழுதாதீர்கள். உயிரின் உடலுக்கு ஓர் உள்ளமைப்பு உண்டு, அது கல்லில் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தயாரான காலம் முழுக்க நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி இதுதான்.

டென்ட்ரைட்டை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் பிளந்த பரப்பில் கறுப்பாக, பாசியோ பெரணியோ படர்ந்தது போல இருக்கும். உண்மையில் அது விரிசல் வழியே கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். நடுநரம்பு இருக்காது, காம்பு இருக்காது. கிளைகள் விரிசல் ஓரத்திலிருந்து கிளம்பி மனம்போன போக்கில் பிரியும். பெரணி இலையில் சிற்றிலைகள் நடுத்தண்டின் இருபுறமும் ஓர் ஒழுங்கோடு அமைந்திருக்கும்.

களப்பயிற்சிக்குக் காரை என்ற ஊருக்குப் போகிறவர்கள் பெலம்னைட்டையும் நார் ஜிப்சத்தையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் அந்தக் களிமண் மேடுகளில் இரண்டும் கிடக்கும், உடைந்த துண்டுகள் ஒன்றுபோலவே தோன்றும். பெலம்னைட் கணவாயின் உறவான ஒரு கடல் உயிரியின் உள் ஓட்டுப்பகுதி, கால்சைட்டால் ஆனது. உடைந்த முனையை நேராகப் பார்த்தால் நடு அச்சிலிருந்து நான்கு பக்கமும் கதிர் கதிராக இழைகள் ஓடும், அவற்றை வெட்டிக்கொண்டு வளர்ச்சி வளையங்களும் தெரியும். ஜிப்சத்தில் அச்சே இல்லை. அது நிரப்பிய விரிசலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட்டில் விழாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பெலம்னைட் நுரைக்கும். ஆனால் கல்லைக் கழுவிவிட்டுத்தான் அமிலம் விட வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் ஜிப்சமும் நுரைப்பது போலத் தெரியும்.

அப்புறம் உருண்டைகள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நேரில் பார்த்த வல்லுநர்கள், அவை அம்மோனைட்டோடு (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) தொடர்புடைய கடல் வண்டல் உருண்டைகள் என்று விளக்கினார்கள். முட்டை என்றால் மெல்லிய ஓடு தனி அடுக்காக, உள்ளே நிரம்பிய கல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். லென்ஸில் நுண்துளைகளும் தெரியலாம். வண்டல் உருண்டையோ முழுவதும் ஒரே பொருளாக இருக்கும், அல்லது வெங்காயம் போல அடுக்கடுக்காக உரியும். அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நடுவில் உள்ள ஏதாவதொரு பொருளைச் சுற்றித்தான் வண்டல் பெரும்பாலும் இறுகுகிறது, அந்தப் பொருள் சில சமயம் நிஜ அம்மோனைட்டாகவே இருக்கும். மேலோடு உதிர்ந்த அம்மோனைட்டின் உள்வார்ப்பில் வளைந்து நெளியும் தையல்கோடுகள் (உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட கோடுகள்) தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கல்மரத்தில் குழப்பம் குறைவு. பட்டைபட்டையான நிறம் எந்தக் கல்லிலும் வரும், இரும்பு கலந்த நீர் ஊறிய மணற்கல்லில் வளையம்கூட விழும். குறுக்குவெட்டில் மரத்தின் செல்களின் வரிசை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் பெரிய மரங்களையே பார்க்கலாம். அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள், சிறு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. காரையிலும் போட்டோ எடுத்துக் குறித்துக்கொண்டு வந்தாலே படிப்புக்குப் போதும். வருகிறவரெல்லாம் ஆளுக்கொரு பை நிறைய அள்ளிப்போனால் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு என்ன மிஞ்சும்?

சரி, விடைத்தாளுக்கு வருவோம். பெயரை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். "கதிர் இழை, நடு அச்சு, அமிலத்தில் நுரை, ஆகவே பெலம்னைட்" என்று காரணத்தோடு எழுதுங்கள். போலி என்று தோன்றினால் "புதைபடிவம் அல்ல" என்பது மட்டும் பாதி விடை. எந்தக் கனிமம், எப்படி உருவானது என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது முழு விடை.