ஸ்விட்ச் சாகவில்லை, வழிதான் அறுந்தது

மே 24

ஹட்டனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் இரண்டாவது லேயர் 3 ஸ்விட்சும் (கணினிகளை இணைத்து, வலைகளுக்கிடையே வழியும் காட்டும் பெட்டி) இன்று ஏறிவிட்டது. ஒன்று அலுவலகத்தில், மற்றது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடிக்குக் கீழே. இணையத்துக்கு அலுவலகப் பக்கம் வீதியோரக் கம்பங்களில் வரும் ஒளியிழை. தொழிற்சாலைப் பக்கம் 4ஜி ரூட்டர். கொழும்புத் தேயிலை ஏலம் 2020 முதல் மின்வழியில் நடக்கிறது. இன்வொய்ஸ் விவரம் தரகருக்குப் போகாத நாளில் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் முன்னால் யாரும் நிற்க முடியாது.

பெட்டிகள் இரண்டும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள். ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் முறைகளில் எச்.எஸ்.ஆர்.பி. சிஸ்கோ நிறுவனத்தின் சொந்த முறை என்பதால் பொதுத் தரமான வி.ஆர்.ஆர்.பி.யைத்தான் போட வேண்டும்.

மே 25

வீலான் 10 (தனியாகப் பிரித்த வலைப்பகுதி) முடிந்தது. ஸ்விட்சுகளின் சொந்த முகவரிகள் 192.168.10.2, 10.3. கணினிகள் வெளியே போகும் வாசலான கேட்வே 10.1, அது எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை, அந்நேரம் பொறுப்பில் இருக்கும் ஸ்விட்ச், அதாவது மாஸ்டர், அதைச் சுமக்கும். முன்னுரிமை எண் கூடியதே மாஸ்டர்: அலுவலகத்துக்கு 110, தொழிற்சாலைக்கு 100.

அலுவலக ஸ்விட்சின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். மாஸ்டர் விநாடிக்கொரு முறை 224.0.0.18க்கு அறிவிப்பு அனுப்பும். அது நின்றதும் 100இல் காத்திருக்கும் மற்ற ஸ்விட்ச், அதாவது பேக்கப், ஏறக்குறைய 3.6 விநாடி பொறுத்து, பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. கேட்வேயின் வன்பொருள் முகவரி (மாக்) 00-00-5E-00-01-0A அப்படியே தொடர்வதால் கணினிகளுக்கு எதுவும் தெரியாது. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தேநீரிலிருந்து தலை தூக்கவேயில்லை.

மே 27

ஆனால் இந்த மலையில் ஸ்விட்ச் எங்கே சாகிறது? மரம் விழுந்து வழிதான் அறுகிறது. அப்போது அலுவலக ஸ்விட்ச் நலமாக அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். வந்த தரவுப் பொதிகளெல்லாம் அதன் வாசலில் வந்து மடியும். பாதிக் கையேடுகள் இந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

ஸ்விட்சில் கம்பி செருகும் போர்ட்டைக் கண்காணித்தாலும் போதாது. வீதியில் ஒளியிழை அறுந்தாலும் சுவரிலுள்ள ஒளியிழைப் பெட்டி உயிரோடு இருக்கும். நம் போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். ஆகவே அதைத் தாண்டி, சேவை வழங்குநரின் முதல் ரூட்டரைப் பிங் செய்து, அதாவது சிறு பொதி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க, அலுவலக ஸ்விட்சுக்குச் சொன்னேன். அந்த முகவரிக்கு ஒளியிழை வழியாக மட்டும் தனி ஸ்டாட்டிக் வழி, கையால் எழுதிவைத்த மாறாத வழி. இல்லாவிட்டால் பிங் 4ஜி வழியாகச் சுற்றிப் போய் "எல்லாம் சுகம்" என்று திரும்பி வரும்.

பிங் தவறினால் முன்னுரிமையில் 20 குறையும். 10 குறைத்தால் இரண்டும் 100இல் சமமாகி, இருக்கும் மாஸ்டரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். 90 ஆனால்தான் மற்றது எழும்.

திரும்பி வருவதில் அவசரம் கூடாது. ஒளியிழை மீண்டு 180 விநாடி நிலையாக இருந்த பிறகே அலுவலகம் பொறுப்பை வாங்கும். விட்டுவிட்டுத் துடிக்கும் இணைப்பில் கேட்வே பந்தாடப்படுவதைவிட 4ஜியின் மந்தம் மேல். கேமராப் பதிவுகள் மட்டும் அந்த வழியில் போகாதபடி தடுத்தாயிற்று, டேட்டாவை விழுங்கிவிடும்.

ஜூன் 9

நேற்றிரவு தென்மேற்குக் காற்று. வீதியில் ஒரு சவுக்கு மரம் விழுந்து கம்பத்தையே சாய்த்துவிட்டது. ஒளியிழையும் மின்கம்பியும் ஒரே கம்பத்தில்! அலுவலக ஸ்விட்ச் யூ.பி.எஸ்.ஸில் தப்பியது, பிங் தவறியதைக் கண்டு 90க்கும் இறங்கியது. ஆனால் பொறுப்பை வாங்க வேண்டிய தொழிற்சாலை ஸ்விட்ச் இருளில் கிடந்தது. ஜெனரேட்டர் பிடித்து, ஸ்விட்ச் எழுந்து, 4ஜி ரூட்டர் சிக்னல் தேடி முடிக்கும்வரை தோட்டத்துக்கு வெளியுலகம் இல்லை. அதன்பின் எல்லாம் எழுதிவைத்தபடி நடந்தது.

தொழிற்சாலைக்கும் ஒரு யூ.பி.எஸ். மதிப்பீட்டில் இருந்தது. "ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று தோட்ட மேலாளரான பெரிய துரை அந்த வரியை வெட்டியிருந்தார்.

ஜூன் 10

பதிவேட்டின் நேரங்களை அச்சிட்டுக் கொடுத்தேன். துரை நெடுநேரம் பார்த்தார். "சரி தம்பி, ஹட்டனில் மூன்று கடையில் விலை கேட்டு வா" என்றார். ஸ்விட்சுக்கும் 4ஜி ரூட்டருக்கும் அரை மணி நேரம் தாங்கினால் போதும். அதற்குள் ஜெனரேட்டர் பிடித்துவிடும். நாளைக் காலைப் பஸ்ஸில் போகிறேன்.