எஸ்டீமில் பலேனோ பிளாக், மினி கூப்பர் சூப்பர்சார்ஜர்: இதுவரை செய்ததும் திருத்தியதும்

வண்டி பழைய மாருதி எஸ்டீம், பவர் ஸ்டியரிங் இல்லாத மாடல். அடி எஞ்சின் பலேனோவின் ஜி16பி, 1590 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 75 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஈட்டன் எம்45, முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ்ஸில் வந்தது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் பேக் ஃபோர்டு ஐகானிலிருந்து. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஸ்கார்பியோ எம்ஹாக்கின் பானட்டுக்கு அடியில் படுத்திருக்கும் அதே பெட்டி. பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் கட்டுப்படுத்தும் ஈசியூ, நாமே ட்யூன் செய்யக்கூடிய மெகாஸ்குவர்ட். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பழைய பாகக் கடைகளில் சூப்பர்சார்ஜரைத் தவிர மற்ற எல்லாமே கிடைக்கும். அதற்கு மட்டும் கொச்சி வரை போகவேண்டி வந்தது.

பலேனோ எஞ்சினை எஸ்டீமில் ஏற்றுவது புதிய சங்கதி அல்ல. இரண்டும் ஒரே ஜி குடும்பம். சிக்கல் அதன் மேலே காற்றை அழுத்தும்போதுதான் தொடங்கும். எந்த பாகமும் எதற்கும் அளவெடுத்துச் செய்ததல்ல என்பதால் ஸ்பானரைத் தொடுமுன் மூன்று எண்கள் கையில் இருக்கவேண்டும்: எரியறைக் கொள்ளளவு, ஒரு சுற்றுக்கு எஞ்சின் இழுக்கும் காற்று, ஒரு சுற்றுக்கு சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்று.

பிளாக்கில் தேய்மானம் 0.08 மி.மீ. இருந்ததால் 0.50 ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு போர் செய்து 75.5 ஆக்கியாயிற்று. இப்போது ஒரு சிலிண்டர் 402.9 சிசி, மொத்தம் 1612 சிசி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.05 மி.மீ., லேத்காரர் பாஷையில் ரெண்டு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு). சாதாரண ஓட்டத்துக்கு இதைவிடக் குறைவு போதும். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறினால் பிஸ்டன் தலை கூடுதலாகச் சூடாகி விரியும், அதற்காகவே இந்தத் தளர்வு. ரிங் இடைவெளிக்கும் அதே காரணம்: மேல் ரிங் 0.38, இரண்டாவது 0.42. புது ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் 0.25 பக்கம்தான் வரும். சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் சுவரைக் கீறும், அல்லது பிஸ்டனின் ரிங் வரப்பே பெயர்ந்துவரும். ஒரு பக்க முனையை மட்டும் அரத்தால் உள்நோக்கி ராவி, ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகிற சிலிண்டரிலேயே வைத்து ஃபீலர் கேஜால் பார்க்கவேண்டும்.

எரியறையை அளக்க கிரீஸ் தடவிய பெர்ஸ்பெக்ஸ் தகடு, 50 மில்லி ஊசி, நிறம் சேர்த்த மண்ணெண்ணெய் போதும். ஹெட், கேஸ்கட், பிஸ்டன் தலை எல்லாம் சேர்ந்து 47.2 சிசி வந்தது. அதாவது அழுத்த விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவு, உச்சியில் இருக்கும்போதைப்போல் எத்தனை மடங்கு என்பது) 9.5. நம்மூர் வெயிலில் 0.4 பார் பூஸ்டுக்கு இது அதிகம். 8.6க்கு இறக்க இன்னும் 5.6 சிசி வேண்டும்.

இங்கேதான் பலரும் தடித்த கேஸ்கட்டைத் தேடிப் போவார்கள். 5.6 சிசிக்கு 1.25 மி.மீ. கூடுதல் தடிமன் ஆகும். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் காற்றை நடுவுக்குப் பிதுக்கித் தள்ளும் அந்த ஒடுங்கிய இடைவெளி போய்விடும். ஓரத்தில் தங்கும் கலவை மெதுவாக எரியும், நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) கூடும். விகிதத்தைக் குறைத்த பலன் பாதி அங்கேயே கரைந்துபோகும். ஆகவே கேஸ்கட்டைக் கம்பெனி அளவிலேயே விட்டு, பிஸ்டன் தலையில் 60 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. ஆழக் குழி எடுத்தோம். அது 5.65 சிசி. ஓரத்து வளையம் தொடாமல் அப்படியே இருக்கிறது.

குழி எடுக்குமுன் பிஸ்டன் தலையின் தடிமனை அடியிலிருந்து அளந்தே தீரவேண்டும். இதில் 8.1 மி.மீ. இருந்தது, எடுத்தபின் 6.1. அளந்தபோது 7க்குக் கீழே வந்திருந்தால் இந்த வழியையே விட்டிருப்போம். வேலை கோணம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. வார்ப்பு அலுமினியத்தில் கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும், எனவே குழியின் ஓரம் 3 மி.மீ. வளைவு. பிஸ்டனுக்குப் பதினைந்து கிராம் எடை குறைந்தது. நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்குள் வரும்வரை பிஸ்டன் பின் துளைத் திண்டின் அடியில் ராவிச் சரிசெய்தோம்.

கிராங்க் பொருத்துவதில் புதுமை இல்லை. பிளாஸ்டிகேஜில் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) மெயின் பேரிங் இடைவெளி 0.03 மி.மீ., கானெக்டிங் ராட் பேரிங் 0.04. மெயின் கேப் 54 நியூட்டன் மீட்டர், ராட் கேப் 35. ராட் போல்ட் புதிது. ஹெட் போல்ட் 35, 55, 68 என்று மூன்று சுற்று, நடுவிலிருந்து வெளியே.

கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் மூக்கு போல்ட் தனிக்கவனம் கேட்கும். ஜி16 குடும்பத்தில் இந்த போல்ட் தளர்ந்தால் டைமிங் பல்சக்கரம் ஆடி, அதைப் பிடித்து நிறுத்தும் சாவியின் குழி தேய்ந்து, கிராங்க்கே வீணாகும். இப்போது அதே மூக்கிலிருந்து சூப்பர்சார்ஜரும் சுமார் 8 குதிரைத்திறன் இழுக்கப் போகிறது. சாவி புதிது, முகங்கள் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்து, ஏறக்குறைய 130 நியூட்டன் மீட்டரில் இறுக்கியது. பழைய சாவியை விரல் நகத்தால் தடவிப் பார்த்தாலே படி தெரிந்தது.

எம்45 ஒரு சுற்றுக்கு சுமார் 737 சிசி தள்ளும். எஞ்சின் ஒரு சுற்றுக்கு 806 சிசி கேட்கும், உண்மையில் நிரம்புவது 88 விழுக்காடு என்று வைத்தால் 709. மினியில் இருப்பதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றவிட்டால் பூஸ்ட் 0.8 பாரைத் தாண்டும், இந்தக் கானெக்டிங் ராட்கள் தாங்கா. கிராங்க்கில் 120 மி.மீ. புல்லி, சூப்பர்சார்ஜரில் 80 மி.மீ. என்றால் விகிதம் 1.5. கசிவு கழித்து 940 சிசி. 940ஐ 709ஆல் வகுத்து, இன்டர்கூலர் தாண்டியும் மிஞ்சும் சூட்டுக்காக ஆறு விழுக்காடு சேர்த்தால் 1.41, அதாவது வெளிக்காற்றைப்போல் 1.41 மடங்கு அழுத்தம். கேஜ் காட்டியது 0.39 பார். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போதும் சூப்பர்சார்ஜர் 9000தான், அதற்கு அது நடைப்பயிற்சி.

புல்லி இரண்டும் அலுமினியத்தில் கடைந்தவை. 6பிகே பெல்ட், பள்ளத்துக்குப் பள்ளம் 3.56 மி.மீ., கோணம் 40 டிகிரி. தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டும் பழைய கிராங்க் புல்லியைத் தொடக்கூடாது. புதியது அதன் முகத்தில் சின்ன போல்ட்டுகளில் உட்காரும். பெல்ட்டின் பள்ளப் பக்கம்தான் சூப்பர்சார்ஜரை ஓட்டவேண்டும், முதுகுப் பக்கத்தால் ஓட்டினால் திசை மாறி அது எஞ்சினிலிருந்து காற்றை உறிஞ்சும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிடும், சும்மா சுற்றும் சக்கரம்) வழியை அவசரமாக மாற்றும்போது நடக்கிற தவறு.

மினியின் எம்45க்குப் பின்பக்கம் தண்ணீர் பம்பை ஓட்டும் கியரும் அதற்கென்று தனி எண்ணெய் அறையும் உண்டு. இங்கே பம்ப் தேவையில்லை. அந்த வாயை 10 மி.மீ. தகடும் ஓ-ரிங்கும் வைத்து அடைத்தாயிற்று. ஆனால் கியர் உள்ளே சுற்றிக்கொண்டேதான் இருக்கும், எண்ணெய் இல்லாவிட்டால் அரைபடும். பழைய யூனிட்டுகளில் பெரும்பாலும் இந்தப் பின் அறைதான் வறண்டிருக்கும். வாங்கும்போது முன் மூக்கு எண்ணெயை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். இரண்டுக்கும் சூப்பர்சார்ஜர் எண்ணெய்தான், எஞ்சின் ஆயில் அல்ல.

பவர் ஸ்டியரிங் பம்ப் இருக்கவேண்டிய இடத்தில் யூனிட் அமர்ந்தது. முதல் பிராக்கெட் 8 மி.மீ. இரும்புத் தகடு. 4000க்கு மேல் பெல்ட் ஒரு பள்ளம் நகர்ந்து ஓடியது. தகடு மெல்லிசு என்பதைவிட, அது ஒரே தளத்தில் பிடித்திருந்ததுதான் குற்றம்: இழுவையில் முன்மூக்கு உள்ளே சாய்ந்தது. குளச்சலில் படகு டீசல் எஞ்சின்களுக்கு பிராக்கெட் அடிக்கும் ஒரு மெக்கானிக் பார்த்ததும் சொன்னார், “பின்னாலும் ஒரு கால் குடுக்கணும்.” இப்போது 16 மி.மீ. அலுமினியம், பின்பக்கம் பிளாக்குக்கு ஒரு தாங்குகால். புல்லிகளின் நேர்கோடு அரை மி.மீ.க்குள். பெல்ட் சின்னப் புல்லியைக் குறைந்தது 120 டிகிரி கவ்வ ஐட்லர் ஒன்று.

ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்றுக்கதவான த்ராட்டில் பாடி சூப்பர்சார்ஜருக்கு முன்னால் போகவேண்டும், ஐடில் வால்வும் அதோடு. மானிஃபோல்டிலேயே (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) விட்டால், காலை எடுத்ததும் யூனிட் மூடிய கதவை இடித்து ஏதாவதொரு ஹோஸைப் பிடுங்கும். தள்ளிய காற்றைச் சூப்பர்சார்ஜருக்கே திருப்பிவிடும் பைபாஸ் வால்வின் வாக்குவம் குழாய் த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவிலிருந்து. அது சரியாக இருந்தால் ஐடிலில் காற்று சுற்றிவரும், யூனிட் சூடாகாது. கிராங்க்கேஸ் புகையை எஞ்சினுக்கே திருப்பும் பிசிவி வால்வை மானிஃபோல்டிலேயே விட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்கி, ஆயில் சீல்களை வெளியே தள்ளும். அந்த வாயை அடைத்து, கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாயை ஒரு சேகரிப்பு டப்பா வழியாக ஃபில்டருக்குப் பின்னால் சேர்த்தோம். பிரேக் பூஸ்டரின் ஒருவழி வால்வை வாயால் ஊதியே சோதிக்கலாம், இரண்டு பக்கமும் காற்று போனால் மாற்றவேண்டும்.

பலேனோ ஈசியூவின் மேப் சென்சார் (மானிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேல் பார்க்காது. பூஸ்ட் வந்தாலும் அதற்குத் தெரியாது, பெட்ரோலும் கூடாது. அதனால்தான் மெகாஸ்குவர்ட். இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 280 சிசிக்குக் குறையாதது, பெஞ்சில் நான்கையும் ஓடவிட்டு இரண்டு விழுக்காட்டுக்குள் பொருத்தியது. ரெகுலேட்டருக்கு மானிஃபோல்டிலிருந்து குழாய், 3 பார் எப்போதும் மானிஃபோல்டுக்கு மேல் 3 பாராகவே இருக்கும்படி.

கிராங்க்கில் 36-1 பற்சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), சென்சார் இடைவெளி 0.8 மி.மீ. முதல் நாள் தீப்பொறி டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி லைட் அடித்துப் பார்த்தால், 2500க்கு மேல் 4 டிகிரி நழுவியது. புரோகிராமில் தேடிப் பலனில்லை. சென்சாரின் இரண்டு ஒயரும் மாறியிருந்தன. இந்த விஆர் (காந்த வகை) சென்சார் தலைகீழாக இருந்தாலும் எஞ்சின் ஓடும், அதுதான் ஆபத்து. வேகம் கூடக்கூட டைமிங் மட்டும் விலகும்.

இப்போது பம்புகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு ட்யூன் செய்தால் குழப்பம்தான், 20 விழுக்காட்டு எத்தனாலுக்கு அது ஏறக்குறைய 13.5. லாம்டாவில் (சரியான கலவையை 1 என்று வைக்கும் அளவு) பார்த்தால் தொல்லையில்லை: பூஸ்டில் 0.81, லேசான ஓட்டத்தில் 1.0. டைமிங் 0.4 பாரில் 4000ல் 21 டிகிரி, பூஸ்ட் இல்லாத டைமிங் மேப்பைவிட (ஈசியூவில் உள்ள அட்டவணை) 6 குறைவு. எஸ்டீமின் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம் கழற்றி எறியப்பட்டன, எத்தனாலில் அவை ஊறி இளகும்.

முதல் ஸ்டார்ட் சூப்பர்சார்ஜர் பெல்ட் இல்லாமல். இன்ஜெக்டர் இணைப்பைப் பிடுங்கி, ஆயில் விளக்கு அணையும்வரை கிராங்க் செய்து, பிறகு ஓட்டம். பைபாஸ் வழியே எஞ்சின் மூச்சுவிட்டுக்கொள்ளும். ரிங் படிந்து, ஆயில் மாற்றியபின்தான் பெல்ட்.

எஞ்சின் எண் மாறியிருப்பதால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் ஏற்றவேண்டும். அது முடியும்வரை வண்டி குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் உள்வழியில்தான். ஏற்றம் நல்ல சோதனை: இரண்டாம் கியர், முழு த்ராட்டில், 3500. வெளிக்காற்று 33 டிகிரி, சூப்பர்சார்ஜர் வாயில் 88, இன்டர்கூலருக்குப் பின் 52. ஏறிமுடித்து பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் அந்த 52 என்பது 70 ஆகிவிடும், எனவே 60க்கு மேல் டைமிங் மேப் இன்னும் 3 டிகிரி பின்வாங்கும்.

மீதமிருப்பது மழை. ஆடிச் சாரலில் பெல்ட் நனைந்தால் 5000ல் நழுவுகிறது, பூஸ்ட் 0.39லிருந்து 0.28க்கு விழுகிறது. பெல்ட்டை இன்னும் இறுக்கினால் மூக்கு பேரிங் உண்ணப்படும். ஐட்லரை 15 மி.மீ. உள்ளே தள்ளி 145 டிகிரி கவ்வ வைத்து, கீழே தண்ணீர் தெறிக்காமல் ஒரு தகரம் அடிக்கவேண்டும். 75 மி.மீ. புல்லியும் கடைந்து வைத்திருக்கிறது, விகிதம் 1.6, கணக்குப்படி 0.5 பார். ஈரத்தில் 0.39 நிற்கும்வரை அது டப்பாவிலேயே இருக்கும்.