ஆப்ஸ் டிபிஏ வேலையைக் கற்றுக்கொண்ட விதம்

ஆரக்கிள் தரவுத்தளத்தை நன்கு நிர்வகிக்கத் தெரிந்தவருக்கு, அதன்மேல் இயங்கும் இ-பிசினஸ் சூட்டை நிர்வகிப்பது கூடுதலாகச் சில கட்டளைகளைப் படித்துக்கொள்ளும் வேலைதான் என்று பலர் நினைக்கிறார்கள். இ-பிசினஸ் சூட்டை நிர்வகிப்பவரை ஆப்ஸ் டிபிஏ, அதாவது பயன்பாட்டுத் தரவுத்தள நிர்வாகி என்பார்கள். நானும் தரவுத்தளப் பக்கத்திலிருந்துதான் வந்தேன். புதிய கட்டளைகள் விரைவில் பழகிவிட்டன. ஏற்கெனவே கைவந்த கட்டளைகளில் எவற்றை இங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் நெடுநாள் பிடித்தது. பேரேடு, கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளம் என ஒரு நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் தாங்கும் இந்த மென்பொருள், தன் தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்கள் தன் கருவிகள் வழியாகவே நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

கடவுச்சொல் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளலாம். தனித் தரவுத்தளத்தில் ‘ஆல்டர் யூசர்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை அது. இங்கோ ‘ஆப்ஸ்’ ஸ்கீமாவின் (பயன்பாடு தரவுத்தளத்துக்குள் நுழையும் கணக்கின்) கடவுச்சொல், எஃப்என்டி_ஆரக்கிள்_யூசர்ஐடி என்ற அட்டவணையிலும் மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கிறது. தரவுத்தளத்தில் மட்டும் மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போய், பயன்பாட்டுக்குள் ஒருவராலும் நுழைய முடியாது. ஆகவே சேவைகளை நிறுத்திவிட்டு எஃப்என்டிசிபாஸ் அல்லது ஏஎஃப்பாஸ்வேர்டு கருவியால்தான் மாற்ற வேண்டும், 12.2 பதிப்பில் வெப்லாஜிக் என்ற பயன்பாட்டுச் சேவையகத்தில் தரவுத்தள இணைப்பு விவரங்கள் இருக்கும் டேட்டாசோர்ஸிலும் புதிய கடவுச்சொல்லைப் பதிய வேண்டும். அமைப்புக் கோப்புகளின் கதையும் இதுதான். ஒரு போர்ட் எண்ணை நேரடியாகக் கோப்பில் திருத்தினால், அடுத்த முறை அமைப்புக் கோப்புகளைத் திரும்ப எழுதும் ஆட்டோகான்ஃபிக் ஓடும்போது, அது ஆதாரமாகக் கொள்ளும் கான்டெக்ஸ்ட் கோப்பில் உள்ள பழைய எண்ணே திரும்ப வந்து உட்காரும்.

படித்துத் தெரிந்துகொண்டதைவிட, விஷன் என்ற மாதிரி நிறுவனத் தரவுகளோடு வரும் பயிற்சித் தளத்தை நிறுவிப் பார்த்ததில்தான் அதிகம் புரிந்தது. அதற்குச் சில நூறு ஜிபி இடம் வேண்டும், நினைவகமும் தாராளமாக வேண்டும். ஆனால் அதற்கு ஈடான ஆசிரியர் வேறில்லை. எல்லாச் சேவைகளையும் ஒரே மூச்சில் எழுப்பும் ஏடிஸ்ட்ரட்டால் ஸ்கிரிப்டை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, நோடு மேனேஜர், அட்மின் சர்வர், ஓஏகோர், ஃபார்ம்ஸ், பின்னணி வேலைகளை ஓட்டும் கன்கரன்ட் மேனேஜர் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுப்பி, ஒவ்வொன்றின் லாக் (பதிவுக் கோப்பு) எங்கே எழுதப்படுகிறது என்று பார்த்துவைப்பது நல்லது. சான்றிதழ்த் தேர்வு இதையெல்லாம் சொல்லித் தராது.

அன்றாட வேலையில் பெரும்பகுதி கன்கரன்ட் மேனேஜரைச் சுற்றியே நடக்கிறது. கணக்குப் பிரிவிலிருந்து வரும் அழைப்பில் ஒரு ரிக்வெஸ்ட் (ஓட்டக் கேட்ட வேலை) எண்ணும், ‘காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியமும் மட்டுமே இருக்கும். அந்த எண்ணை எஃப்என்டி_கன்கரன்ட்_ரிக்வெஸ்ட்ஸ் அட்டவணையில் தேடினால் ஆரக்கிள்_பிராசஸ்_ஐடி கிடைக்கும். அதை, தரவுத்தளச் செயல்முறைகளைக் காட்டும் வி$பிராசஸில் உள்ள எஸ்பிஐடி என்ற செயல்முறை எண்ணோடு பொருத்தி, அங்கிருந்து முகவரியைப் பிடித்து, இணைப்புகளைக் காட்டும் வி$செஷனுக்குப் போனால், எந்த எஸ்க்யூஎல் ஓடுகிறது, எதற்காகக் காத்திருக்கிறது, பிளாக்கிங்_செஷன் நெடுவரிசையில் யாருடைய எண் இருக்கிறது என்பதெல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இந்த மூன்று படிகளையும் பார்க்காமல் எழுதும் அளவுக்குப் பழகிய பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது என்று சொல்ல முடியும்.

காத்திருப்பது இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கும் வரியின் பூட்டுக்காக என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு ஃபார்மில் திருத்தம் செய்துவிட்டு, சேமிக்காமலே எழுந்து போயிருப்பார். அந்த செஷனைக் கொல்லுமுன் அவரை அழைத்துக் கேட்பதே முறை. பின்னணியில் ஓடும் பெரிய நிரலின் செஷனைக் கொல்வதோ இன்னும் யோசிக்க வேண்டியது: பல மணி நேரம் எழுதியதை ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) அதே அளவு நேரம்கூட ஆகலாம். வி$டிரான்சாக்ஷனில், இன்னும் திருப்ப வேண்டிய பதிவுகளைக் காட்டும் யூஸ்டு_யுரெக் எண்ணிக்கை மெல்லக் குறைந்து வருவதைக் காட்டி, ‘இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்’ என்று மேலாளருக்கு விளக்குவதும் நிர்வாகியின் வேலையில் சேர்த்தி.

பூட்டு எதுவும் இல்லாமல் ஒரு நிரல் திடீரென மெதுவானால், நான் முதலில் சந்தேகிப்பது, அட்டவணைகளின் அளவு பற்றித் தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரங்களைத்தான். தனித் தரவுத்தளத்தில் டிபிஎம்எஸ்_ஸ்டாட்ஸ் ஓட்டிப் பழகியவர்கள், இங்கே எஃப்என்டி_ஸ்டாட்ஸை அழைக்கும் ‘கேதர் ஸ்கீமா ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ நிரலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதிலும் ஜிஎல்_இன்டர்ஃபேஸ் போன்ற இடைமுக அட்டவணைகளின் இயல்பு வேறு. மாதக் கணக்கு முடிப்பின்போது அவற்றில் லட்சக்கணக்கான வரிகள் வந்து குவியும். இறக்குமதி முடிந்ததும் காலியாகிவிடும். காலியாக இருந்த நேரத்தில் புள்ளிவிவரம் எடுக்கப்பட்டிருந்தால், வினவலை ஓட்டும் வழியைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் அந்த அட்டவணையில் ஒன்றுமே இல்லை என்று நம்பி, சில வரிகளுக்கு மட்டுமே பொருந்தும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. நேற்று நிமிடங்களில் முடிந்தது இன்று மணிக்கணக்கில் ஓடும். வரிகள் நிறைந்திருக்கும் நேரத்தில் புள்ளிவிவரம் எடுத்து, அதைப் பூட்டிவைப்பதே இதற்கு நாங்கள் கடைப்பிடித்த வழி.

அடுத்தது குளோனிங். உற்பத்தித் தளத்தின் (நிறுவனத்தின் உண்மையான வேலை நடக்கும் தளத்தின்) நகலைச் சோதனைக்காகக் கேட்காத குழு எதுவும் இல்லை. மூலத் தளத்தில் ஏடிபிரீகுளோனை ஓட்டி, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் மூலம் தரவுத்தளத்தையும், சாதாரண நகலெடுப்பில் பயன்பாட்டுக் கோப்புகளையும் கொண்டுபோய், இலக்குத் தளத்தில் ஏடிசிஎஃப்ஜிகுளோனை ஓட்டுவது என்று நடைமுறையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். அதன் பிறகு செய்ய வேண்டியவைதான் ஆபத்தான பகுதி. நகலில் உற்பத்தித் தளத்தின் நிலுவை ரிக்வெஸ்டுகள் அப்படியே இருக்கும். அனுப்பக் காத்திருக்கும் ஒர்க்ஃப்ளோ அறிவிப்புகளும் இருக்கும். கன்கரன்ட் மேனேஜரையும், அறிவிப்புகளை அஞ்சலாக அனுப்பும் மெயிலரையும் எழுப்புவதற்கு முன்பே நிலுவை ரிக்வெஸ்டுகளை நிறுத்திவைத்து, டபிள்யூஎஃப்_நோட்டிஃபிகேஷன்ஸ் அட்டவணையில் காத்திருக்கும் அஞ்சல்களை ‘சென்ட்’ (அனுப்பியாயிற்று) என்று குறித்து, மெயிலருக்குச் சோதனை முகவரி ஒன்றை இட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதனைத் தளத்திலிருந்து உண்மையான விற்பனையாளருக்குக் கொள்முதல் ஆணை போய்ச் சேரும். திரையின் நிறத்தையும் தளத்தின் பெயரையும் மாற்றிவைப்பது அற்பமாகத் தோன்றலாம். எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பது தெரியாமல் வேலை செய்பவர்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

2013-இல் 12.2 வெளிவந்தபோது பேட்ச் (மென்பொருள் திருத்தம்) இடும் முறையே மாறியது. அதற்கு முன்பு பயனர்களை வெளியேற்றிவிட்டு ஏடிபேட்ச் ஓட்டுவோம். இப்போது ஏடாப் கருவி பிரிப்பேர், அப்ளை, ஃபைனலைஸ், கட்ஓவர், கிளீனப் என்ற கட்டங்களாக வேலையைப் பிரிக்கிறது. பயனர்கள் ஓர் எடிஷனில் (தரவுத்தள நிரல்களின் ஒரு பதிப்பில்) வேலை செய்துகொண்டிருக்க, மாற்றங்கள் இன்னோர் எடிஷனில் இடப்படுகின்றன. புதிய எடிஷனுக்கு மாறும் கட்ஓவரின்போது மட்டும் சேவைகள் நின்று எழும். அதற்கு முன்புவரை ‘அபார்ட்’ கொடுத்துப் பின்வாங்கலாம், பின்பு முடியாது.

கோப்புகளின் பக்கம் எஃப்எஸ்1, எஃப்எஸ்2 என்று இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. இன்றைக்குப் பயனர்கள் வேலை செய்யும் ‘ரன்’ ஆக இருப்பது கட்ஓவருக்குப் பின் ‘பேட்ச்’ ஆகிவிடும். ஆகவே எந்த முனையத்தில் உட்கார்ந்தாலும் முதலில் ஃபைல்_எடிஷன் மாறியின் மதிப்பைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகளில் எஃப்எஸ்1 என்று பாதையை நேரடியாக எழுதிவைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள், முதல் கட்ஓவருக்கு அடுத்த நாளே தவறான தொகுதியைத் தொடும். ‘ரன்’ என்ற சொல்லோடு சூழல் கோப்பை அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நிறுவனத்தின் சொந்த நிரல்கள் அட்டவணைகளை ஆப்ஸ் சினானிம் (மாற்றுப்பெயர்) வழியாக அணுகாமல் நேரடியாக அணுகினாலும் சிக்கல்தான். பேட்ச் சுழற்சி ஒவ்வொன்றும் ஓர் எடிஷனை விட்டுச் செல்வதால், அவை 25 அளவுக்குச் சேர்ந்தால் ‘ஆக்சுவலைஸ்_ஆல்’ ஓட்டி, முழு கிளீனப் செய்து பழையவற்றை நீக்க வேண்டும். இதை ஒத்திப்போடாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அந்த வேலைக்கும் கணிசமான நேரம் பிடிக்கும்.

பேக்கப்பில் புதிதாக அதிகம் இல்லை. ஆர்மேன் எங்கும் ஆர்மேன்தான். மீட்கும்போது மட்டும், தரவுத்தளமும் பயன்பாட்டுக் கோப்புகளும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இடையில் ஒரு கட்ஓவர் நடந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

19சி தரவுத்தளத்துக்கு 2019-இல் சான்றளிப்பு வந்தபோது, ஒரு கன்டெய்னரும் அதனுள் ஒரே ஒரு பிடிபியும் (உள்தரவுத்தளமும்) என்ற மல்டிடெனன்ட் அமைப்பு கட்டாயமானது. ஆனால் மேம்படுத்தலில் எங்களுக்கு அதிக வேலை வைத்தது யூடிஎல்_ஃபைல்_டிர் என்ற பழைய அளவுரு நீக்கப்பட்டதுதான். சொந்த நிரல்கள் பலவும் கோப்பு எழுத அதையே நம்பியிருந்தன. இ-பிசினஸ் சூட் தன் பங்குக்கு அந்த அளவுருவின் மதிப்பைக் காட்டும் மாற்று வியூக்களைக் கொடுத்திருக்கிறது. எனினும் ஒவ்வொரு நிரலும் எந்த அடைவில் எழுதுகிறது என்று தேடி, அந்த அடைவைத் தரவுத்தளத்தில் குறிக்கும் டைரக்டரி ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று சரிபார்த்து, வங்கிக்குப் போகும் கோப்புகளைச் சோதனைத் தளத்தில் ஒருமுறை உருவாக்கிப் பார்த்த பிறகே உற்பத்தித் தளத்துக்குத் தேதி குறித்தோம்.