ஸ்டீரியோ மாறியது, பேஸ் போனது: 7 வோல்ட்டிலிருந்து 34 வோல்ட் வரை

வண்டி 2012 ஸ்விஃப்ட். டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்), 4 ஓம், 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்). அதை ஓட்டுவது, இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிட்ஜ் செய்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). பழைய 2 டின் செட்டைக் கழற்றி 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய அன்றைக்கே பேஸ் பாதியாகிவிட்டது. சப் செத்துவிடவில்லை. கோனில் விரல் வைத்தால் துடிப்பது தெரிகிறது, ஆம்பில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் முன்பு டிக்கி மூடி கடகடத்த வால்யூமில் இப்போது டிரம் சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி வருகிறது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் கை போவது, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் ஆம்பின் கெயின் திருகுக்குத்தான். போகக் கூடாது. சப், பெட்டி, ஆம்ப், பவர் ஒயர் எதையும் யாரும் தொடவில்லை. மாறியது ஸ்டீரியோ மட்டும். அப்படியென்றால் தொலைந்தது சிக்னல். அது எந்த இடத்தில் தொலைந்தது என்று தெரியாமல் கெயினை ஏற்றினால் சத்தம் கொஞ்சம் கூடும், கூடவே கிளிப்பிங்கும் (அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சத்தம் கரகரப்பது) வரும், சப்பின் காயில் சூடாகும், கோளாறு அப்படியே இருக்கும்.

தேவைப்பட்டவை: மல்டிமீட்டர், 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்று, 1.5 வோல்ட் பென்சில் செல், ஒரு ஒய் கேபிள். மீட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் டிடி 830 ரக மீட்டரில் ஏசி வோல்ட்டின் குறைந்த ரேஞ்சே 200. ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரின் முனையில் வரும் 0.6 வோல்ட்டுக்கும் 0.7 வோல்ட்டுக்கும் நடுவில் அதற்கு எதுவும் தெரியாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் இருப்பதோ ஆட்டோ ரேஞ்சோ வேண்டும். டோனை 0 டெசிபெல் அளவில் வேவ் கோப்பாகப் பென் டிரைவில் போட்டு வாசிக்க வேண்டும். ப்ளூடூத்தில் வாசித்தால் போனின் வால்யூமும் போனில் இருக்கும் ஈக்வலைசரும் கணக்கில் புகுந்து எல்லா எண்ணையும் பொய்யாக்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் எடுப்பதற்குக் காரணம், அது சப்பின் நடு எல்லையில் விழுகிறது. சாதாரண மீட்டர்களும் நம் வீட்டுக் கரண்டின் அந்த அலைவரிசையில்தான் சரியாக அளக்கும்.

முதலில் ஸ்டீரியோவின் மெனு. ஈக்வலைசர் ஃப்ளாட், லவுட்னெஸ் ஆஃப், பேஸ் பூஸ்ட் ஆஃப். லவுட்னெஸ் பற்றி ஒரு வார்த்தை: பழைய செட்டில் அது வருடக்கணக்காக ஆன் ஆகவே இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கிக் கொடுப்பதே அதன் வேலை. 'பேஸ் குறைந்துவிட்டது' என்ற புகாரில் ஒரு பங்கு அந்தப் பழக்கத்தால் வருவது. ஆனாலும் அளந்து முடிக்கும் வரை ஆஃப் ஆகவே இருக்கட்டும்.

இந்த செட்டில் சப் ஸ்விட்ச் ஆன், ஆனால் சப் லெவல் 12க்கு 4. அதை 10க்கு ஏற்றினோம். எல்பிஎஃப் (வைத்த அலைவரிசைக்கு மேலே இருப்பதை வெட்டும் ஃபில்டர்) 63 ஹெர்ட்ஸில் நின்றது. ஆம்பிலும் எல்பிஎஃப் ஆன், திருகு 50 பக்கம். பழைய செட்டில் சப்புக்கு ஃபில்டரே வைக்கவில்லை, ஆம்ப் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு இடத்தில் வெட்டு. இரண்டும் ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் என்று கணக்குப் போட்டால் 70 ஹெர்ட்ஸில் சுமார் 11 டெசிபெல் போய்விடுகிறது. டிரம்மின் அடி நெஞ்சில் படுவது அந்தப் பகுதியில்தான். ஒரு இடத்தில் மட்டும் வெட்டினால் போதும். ஸ்டீரியோவில் 80 ஹெர்ட்ஸ் வைத்து, ஆம்பின் ஃபில்டரை 'ஃபுல்'லுக்குத் தள்ளியாயிற்று. ஃபுல் இல்லாத ஆம்பில் திருகை மேல் எல்லைக்குக் கொண்டுபோனால் போதும். மிகத் தாழ்ந்த அலைவரிசையை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் 25 பக்கம் இருக்க வேண்டும். தவறி 50க்குப் போயிருந்தால் அடியிலிருந்தும் வெட்டும்.

வேறு செட் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே கோளாறு முடிந்துவிடலாம். பின்புற ஆர்சிஏ ஜோடி ஒன்றையே ரியருக்கும் சப்புக்கும் பொதுவாக வைத்த செட்கள் நிறைய. அது ரியர் நிலையில் இருந்தால் சப்புக்கான தனி லெவலும் ஃபில்டரும் வேலை செய்யாது, ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடுவது) முன்னால் தள்ளினால் பேஸும் காணாமல் போகும். பயனியரின் பல சிங்கிள் டின் செட்களில் இதை மாற்றும் மெனு, சோர்ஸை அணைத்த பிறகுதான் கண்ணில் படும். கென்வுட்டில் 'ஸ்விட்ச் ப்ரீஅவுட்' என்று இருக்கும். ஆண்ட்ராய்டு செட்டில் ஆர்சிஏ ஒயர்மேல் ஒட்டியிருக்கும் லேபிளை அப்படியே நம்ப வேண்டாம். ஃபேடரை முழுக்க முன்னால் தள்ளிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது ரியர் ஒயர். லேபிளில் சப் என்று இருந்தாலும் சரி.

மெனு முடிந்த பிறகுதான் மீட்டர். வால்யூம் 40க்கு 30, அதாவது முக்கால். ஆம்ப் பக்கமிருந்து ஆர்சிஏவைக் கழற்றி, நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் முனைகளை வைத்தால் 1.2 வோல்ட். பழைய செட் 4 வோல்ட் ப்ரீஅவுட் (ஆர்சிஏ வெளியீடு) ரகம். முக்கால் வால்யூமில் மூன்று வோல்ட்டை ஒட்டிக் கொடுத்திருக்கும். ஆம்பின் கெயின் அம்புக்குறியும் 3 வோல்ட் கோட்டருகே நின்றது, கணக்கு ஒத்துப்போகிறது. சிக்னல் வோல்ட்டேஜ் பாதியானால் ஆம்ப் தரும் வாட் காலாகும். பேஸ் குறைந்தது ஏன் என்பதற்கு இதுவே பெரிய காரணம், ஆனால் இது மட்டும் இல்லை.

ஆர்சிஏவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஸ்டீரியோவும் ஆம்பும் ஆஃப் ஆக இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால், சில செட்களில் ஆர்சிஏவின் எர்த் தடத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பிக்கோ ஃபியூஸ் போய்விடும். அதற்கப்புறம் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறும். சந்தேகம் வந்தால் ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் இரும்பு உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஃபியூஸ் நலம்.

அடுத்து ஆம்பின் வெளியீடு. சப் ஒயர்களைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். 0 டெசிபெல் டோன் காயிலுக்கும் நல்லதில்லை, பக்கத்து வீட்டுக்கும் நல்லதில்லை. இன்ஜின் ஓடட்டும். எட்ட வேண்டிய எண்ணுக்கு ஒரே ஒரு கணக்குதான்: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 1200இன் வர்க்கமூலம், 34.6 வோல்ட். அதே 300 வாட் 2 ஓமில் என்றால் 24.5.

மீட்டர் காட்டியது 7 வோல்ட். 7ஐ 7ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 12 வாட். 300 வாட் சப்புக்குப் போய்ச் சேர்ந்தது 12 வாட்.

1.2 வோல்ட் உள்ளே போனால் அந்தக் கெயினில் 14 வோல்ட்டாவது வந்திருக்க வேண்டும். சரிபாதி எங்கே? ஆம்பின் உள்ளீட்டைப் பார்த்ததும் புரிந்தது. பழைய செட்டில் இடது, வலது என்று இரண்டு ஆர்சிஏ வந்தன. புது ஸ்டீரியோவில் சப்புக்கு ஒரே ஒரு ஆர்சிஏ. மாட்டியவர் அதை இடது துளையில் செருகிவிட்டு வலதைக் காலியாக விட்டிருந்தார். பிரிட்ஜ் என்பது ஒரு சேனல் தள்ள, இன்னொரு சேனல் இழுக்க, இரண்டு பேரும் சேர்ந்து வோல்ட்டேஜைக் கொடுப்பது. ஒருவருக்குச் சிக்னல் வராவிட்டால் அவர் சும்மா நிற்பார். வோல்ட்டேஜ் பாதி, வாட் கால். ஒரு ஆண் முனை, இரண்டு பெண் முனை கொண்ட ஒய் கேபிளை ஸ்டீரியோ பக்கம் போட்டு, பழைய இரண்டு ஆர்சிஏவையும் அதில் சொருகியதும் மீட்டர் 14க்குத் தாவியது. 49 வாட். பிரிட்ஜ் நிலையில் இடது உள்ளீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆம்ப்களும் உண்டு; அவற்றில் உள்ளீடு ஸ்விட்சின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். மோனோ ஆம்பாக இருந்தாலும் இரண்டு துளைக்கும் கொடுப்பதே நல்லது. பல மோனோ ஆம்ப்கள் இரண்டையும் கூட்டித்தான் எடுக்கின்றன.

கெயின் திருகைத் தொடும் நேரம் இப்போதுதான் வந்தது. பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில் இருப்பதை மறுபடி பார்த்துவிட்டு, மெல்லத் திருப்பி 34 வோல்ட்டில் நிறுத்தியாயிற்று. அம்புக்குறி 1 வோல்ட் கோட்டை ஒட்டி நின்றது. கெயின் திருகு வால்யூம் கிடையாது. உள்ளே வரும் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பழக்கும் திருகு. 1.2 வோல்ட் வரும் இடத்தில் அது 1 வோல்ட் பக்கம் நிற்பது நியாயம்தான். இந்த அளவுக்குப் பிறகு வால்யூம் 30ஐத் தாண்டக் கூடாது. தாண்டுகிற பழக்கம் இருந்தால் 33, 34இல் வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

சப்பை மாட்டுவதற்கு முன் காயிலின் ஓம் பார்ப்பது அரை நிமிட வேலை. 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். இங்கே 3.5. இரட்டைக் காயில் சப்பில் ஒரு காயில் மட்டும் இணைந்திருந்தாலும், இரண்டு 4 ஓம் காயில்களைத் தொடராகக் கட்டி 8 ஓம் ஆக்கியிருந்தாலும் சத்தம் குறையும்.

பாட்டுப் போட்டதும் டிக்கி மூடி திரும்பப் பேசியது. ஆனால் பெரிய அடி வரும்போதெல்லாம் ஆம்பின் விளக்கு லேசாக மங்கியது. இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து டோனை மூன்று நொடி மட்டும் ஓட்டி அளந்ததில் பேட்டரியில் 13.9, ஆம்பின் முனையில் 12.4. ஒன்றரை வோல்ட் வழியில் போகிறது. மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த் முனையிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.9. அதாவது பாதிக்கு மேல் எர்த்தில். போல்ட்டைக் கழற்றினால், எர்த் ஒயரின் முனை வளையமான லக்குக்குக் கீழே கம்பெனி பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. தொடர்பு போல்ட்டின் மரை வழியாக மட்டும். உப்புத்தாள் போட்டு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்ததும் 0.9 என்பது 0.2 ஆனது. மீதி நட்டம் பவர் ஒயருடையது. 8 கேஜ் என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானது செம்பு பூசிய அலுமினியம். 5 மீட்டரில் 40 ஆம்பியர் ஓடினால் அதில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும். சுத்தச் செம்பில் 4 கேஜ் போட்டால் அது 0.2க்குள் அடங்கும். இந்த எர்த் கோளாறு பழைய செட் இருந்தபோதும் இருந்ததுதான், புது ஸ்டீரியோ மேல் பழி போட முடியாது.

ரிமோட் ஒயரையும் ஒரு கண் பார்த்தோம். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்கு; வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. மாற்றிக் கொடுத்தால் சில செட்களில் ரேடியோ ஓடும்போது மட்டும் ஆம்ப் உயிர்பெறும், பென் டிரைவுக்கு மாறினால் தூங்கிவிடும். இங்கே சரியாகவே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் ஏதோ குறைந்தது. சப் பக்கம் கனமாக இருக்கிறது, ஆனால் பாட்டில் உடம்பில்லை. பேலன்ஸை முழுக்க இடதுக்குத் தள்ளினால் பேஸ் கூடுகிறது, முழுக்க வலதுக்குத் தள்ளினாலும் கூடுகிறது, நடுவில் வைத்தால் குறைகிறது. இது ஒரே ஒரு கோளாறின் அடையாளம்: முன் கதவு ஸ்பீக்கர்களில் ஒன்று தலைகீழ். கப்ளர் (ஒயரை வெட்டாமல் இணைக்கும் சாக்கெட்) வாங்கச் சோம்பல்பட்டு ஒயரை வெட்டி முறுக்கிய இடங்களில் இது சர்வ சாதாரணம். ஸ்டீரியோ பக்கம் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இந்த நிறங்கள் ஸ்டீரியோவுடையவை. வண்டிப் பக்கத்து ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஸ்டீரியோவின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் ஜோடியில் பென்சில் செல்லை ஒரு நொடி தொட வைத்தால் போதும். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே வரும். கதவு கிரில் வழியே டார்ச் அடித்துப் பார்த்ததில் வலது வெளியே வந்தது, இடது உள்ளே போனது. இடது ஜோடியை மாற்றிக் கட்டி, சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றியாயிற்று. முன் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் எச்பிஎஃப் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டும் ஃபில்டர்) கொடுத்த பிறகு மெனுவில் சப் ஃபேஸை (கோன் நகரும் திசையை நேராகவோ தலைகீழாகவோ வைப்பது) 0, 180 என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். இரண்டில் எதில் பேஸ் கனமோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், இங்கே 0. இடது ஸ்பீக்கரைச் சரிசெய்வதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பதில் கிடைத்திருக்காது. ஒரு கதவு ஒத்துப்போக இன்னொரு கதவு முரண்டுபிடிக்கும், எதில் வைத்தாலும் அரைகுறையாகவே கேட்கும்.

கடைசி வேலை, சப் லெவல், எல்பிஎஃப், எச்பிஎஃப், ஃபேஸ் எல்லாம் தெரியும்படி மெனுவைப் போனில் படம் எடுத்து வைத்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றினால் சில ஆண்ட்ராய்டு செட்கள் ஒலி அமைப்பை மறந்து கம்பெனி நிலைக்குப் போய்விடும். சர்வீஸ் விட்டு வந்த அன்று பேஸ் குறைந்திருந்தால் ஆம்பைத் திறக்க வேண்டாம், அந்தப் படத்தோடு மெனுவை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.